பரண் ஒழிக்கும் சார்

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது நெடுங்காலம் 58 ஆக இருந்தது. 2020இல் 59 ஆக்கினார்கள். மறு வருஷமே 60 ஆக்கினார்கள். கஜானா நிலவரம் அப்படி, இப்படி என்று ஊரில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் அதை நம்பவில்லை. தங்கள் கஷ்டம் கோட்டை வரைக்கும் எட்டிவிட்டது, இரண்டு வருஷம் வாய்தா கிடைத்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டார்கள்.

வாய்தா முடிந்தது. சால்வை, சந்தன மாலை, சுவர்க்கடிகாரம் சகிதம் மனிதர் வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் வாரம் தூங்கினார். அடுத்த வாரம் பேப்பரை வரி விளம்பரம் விடாமல் படித்தார். அதற்கும் அடுத்த வாரம் அடுக்களை ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஏறி நின்று, பரணை எட்டிப் பார்த்து, "இதையெல்லாம் ஒழிச்சிரணும்" என்றார். அன்றிலிருந்து அவர் பரண் ஒழிக்கும் சார். சாகும்வரை அந்தப் பதவிதான். இதில் ஓய்வு வயது கிடையாது.

இந்த சார் சென்னை மாம்பலத்திலும் இருக்கிறார், கோவை சாய்பாபா காலனியிலும் இருக்கிறார். ஆனாலும் அசல் ரகம் மதுரையில், நாலு மாசி வீதியை ஒட்டிக் குடியிருப்பதுதான். வேறு ஊர்க்காரர் பரணில் ஏறினால் தும்மிக்கொண்டே இறங்குவார். மதுரைக்காரர் பசியோடு இறங்குவார்.

ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. வீட்டில் கட்டம் போட்ட கைலி, தோளில் துண்டு. வெளியே கிளம்பினால் ஆபீஸ் காலத்துச் சட்டை. இன் பண்ணுவதை மட்டும் விட்டிருப்பார். சட்டைப்பையில் கண்ணாடிக்கூடு, பேனா, நாலாக மடித்த மஞ்சப்பை. கையில் தூக்குவாளியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கருவூலமோ பத்திரப்பதிவோ பள்ளிக்கூடமோ, எதிலிருந்து வந்தவரானாலும் தெருவுக்கு அவர் சார்தான்.

சார் வீடு மதுரையைப் போலவே அமைந்திருக்கும். நட்டநடுவில் கோயில், சுற்றிச் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளிவீதி என்று இந்த ஊர் சதுரம் சதுரமாக விரிகிறதல்லவா, அதே கணக்கு. நடுவில் பீரோ. அதைச் சுற்றி இன்றைக்குப் புழங்குகிற சாமான். அடுத்த சுற்றில் போன தீபாவளி வரை புழங்கியவை. அதற்கடுத்தது பரண். கடைசிச் சுற்று மொட்டை மாடியும் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சந்தும். ஒரு பொருளுக்கு வயசாக ஆக அது வெளிச்சுற்றுக்கு நகரும். வெளிவீதி வரைக்கும் போகுமே தவிர, ஊரைவிட்டுப் போகாது. சிலது மனசு மாறி மாசி வீதிக்குத் திரும்பி வருவதும் உண்டு.

இந்த ஊருக்கு வெளிவீதி வந்த கதையும் ஒழிச்சல் கதைதான். கோட்டைச் சுவரும் அகழியுமாகச் சூழ்ந்து ஊர் மூச்சுத் திணறிக் கிடந்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பிளாக்பர்ன் என்கிற வெள்ளைக்காரக் கலெக்டர் சுவரை இடிக்கச் செய்தார். இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த இடமே சொந்தம் என்று ஆசை காட்டினார். சுவர் போய்ச் சேர்ந்தது. அந்த வேலையோடு சேர்த்துச் சொல்லப்படுகிற மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பேரிலும் இன்றைக்கும் தெரு இருக்கிறது. கலெக்டர் நினைவாக விளக்குத்தூண் நிற்கிறது. மதுரையில் ஒழுங்காக நடந்து முடிந்த ஒழிச்சல் அது ஒன்றுதான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். சார் வீட்டு அம்மாவும் இதே யுக்தியை ஒரு தடவை கையாண்டு பார்த்தார். "பரணை யார் ஒழிக்கிறாங்களோ அவங்களுக்கே பரண் சொந்தம்" என்றார். சார் மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டு, கீழே கிடந்த தன் சாமானையும் அங்கே ஏற்றிவிட்டார்.

அப்படி மேலே என்னதான் இருக்கிறது? தமிழ்நாட்டு அரசியல் இருக்கிறது. 2006 தேர்தலுக்குப் பிறகு அப்பத்தா கார்டுக்கு வந்த இலவசக் கலர் டிவி, பெட்டியும் தெர்மாகோலும் குலையாமல். 2011க்குப் பிறகு அதே அப்பத்தா கார்டுக்கு வந்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. இரண்டு ஆட்சியும் கூச்சல் குழப்பம் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இடம் நான் பார்த்தவரை அது ஒன்றுதான். அப்புறம், ஈயம் போன பித்தளை அண்டா. மகள் நடை பழகிய நடைவண்டி. நாடா வெளியே வந்த கேசட்டுகள். தேதி கிழித்து முடித்த காலண்டர் அட்டைகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் வீட்டில் யாரும் இல்லாமலே. சாவி இல்லாத பூட்டுகள் ஒரு டப்பாவில், பூட்டு இல்லாத சாவிகள் இன்னொரு டப்பாவில். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை. பொருந்தித் தொலைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டி வருமே.

மகள் பெங்களூரில் இருக்கிறாள். லீவில் வந்தவள் அப்பாவுக்கு மாரி கோண்டோ என்கிற ஜப்பானியப் பெண்மணியின் வீடியோவைக் காட்டினாள். 2011இல் அங்கே புத்தகமாக வந்து, உலகமெல்லாம் விற்று, 2019இல் நெட்ஃபிளிக்ஸில் தொடராகவும் ஓடிய முறை அது. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுக்க வேண்டும். எடுத்ததும் மனசு துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். துள்ளினால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். சார் சட்டையைக் கழற்றிவிட்டுச் சிரத்தையாகச் செய்தார். அண்டாவை எடுத்தார், துள்ளியது. சாவி டப்பாவை எடுத்தார், துள்ளியது. அறுந்துபோன ரப்பர் செருப்பின் ஒற்றைக் கால்கூடத் துள்ளியது. துள்ளாத பொருள் ஒன்றே ஒன்று அகப்பட்டது. பணி நிறைவு விழாவில் கொடுத்த சுவர்க்கடிகாரம். அதற்கு முறைப்படி நன்றி சொல்லி, மறுபடியும் பரணில் வைத்தார். மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை முன்போல ஒழுங்காக வைத்துக்கொள்வதை ஏறக்குறைய விட்டுவிட்டதாக 2023இல் அந்தப் பெண்மணியே சொன்னார். அந்தச் செய்தியை சார் பேப்பரிலிருந்து கத்தரித்து எடுத்தார். இப்போது அது ஒரு ஃபைலில் இருக்கிறது. ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானில் ஓடிய முறை இங்கே முடங்கிப்போனதற்குக் குற்றம் சாருடையது மட்டுமல்ல. மதுரையில் எந்தச் சாமானைத் தொட்டாலும் அது ஒரு பலகாரத்தில் கொண்டுபோய் விடும். முறுக்கு நாழியைத் தொட்டால் காராச்சேவு. பழைய வாழையிலைத் தட்டம் கண்ணில் பட்டால் அல்வா. ஐஸ் உடைக்கிற சுத்தியல் அகப்பட்டால் ஜிகர்தண்டா. நினைப்பு வந்த பிறகு ஸ்டூலில் நிற்க முடியுமா? இறங்கிவிடுவார். ஒருநாள் தூக்குவாளி அகப்பட்டது.

"என்னங்க, வேலைய அப்பிடியே போட்டுட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"இந்தத் தூக்குவாளி ஒழுகுதா இல்லையான்னு பாக்கணும்ல. பருத்திப்பால் வாங்கிட்டு வந்தாத் தெரிஞ்சுபோகும்."

"தண்ணி ஊத்திப் பாத்தாத் தெரியாதா?"

"தண்ணி வேற, பருத்திப்பால் வேற."

வாஸ்தவம்தான். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சி, மேலே தேங்காய்ப்பூ தூவித் தருவது தண்ணீர் ஆகுமா? மாட்டுக்கு வைக்கிற கொட்டையில் மனுஷனுக்குப் பால் கறந்த ஊர் இது. தூக்குவாளி ஒழுகவில்லை என்று அன்றைக்கு நிரூபணமானது. ஆகவே அது மறுபடி பரணுக்குப் போயிற்று.

சாரோடு தெருவில் நடப்பது தனி அனுபவம். அஞ்சு நிமிஷ தூரத்தை முக்கால் மணியில் கடப்பார். போகிற வழியில் வரமாட்டார். "அந்தப் பக்கம் வெயில்" என்று ஒரு சந்துக்குள் நுழைவார். நாலு திருப்பம் கழித்து மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை முன்னால் நிற்போம். அவர் அதைத் தற்செயல் என்பார். வெள்ளையப்பம் வரும். முதல் வாய்க்குக் கண்ணை மூடுவார். பாதியில், "கொஞ்சம் முந்தி எடுத்துட்டான்" என்பார். இலையைத் துடைத்துவிட்டு, "முன்ன மாதிரி இல்ல தம்பி" என்பார். அந்த முன்ன எந்த வருஷம் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். பரோட்டாவுக்கு ஒரு வருஷமும் இட்லிக்கு ஒரு வருஷமும் தனித்தனியாக வைத்திருக்கிறார். இட்லியின் பொற்காலம் முடிகிறபோது நான் இரண்டாம் வகுப்பில் இருந்திருக்கிறேன். பன் பரோட்டா என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறதே, அதை அவர் ஊரின் வீழ்ச்சி என்கிறார். இரண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னார். சாப்பிடாமல் குறை சொல்கிற பழக்கம் அவரிடம் கிடையாது.

சர்க்கரை இருக்கிறது. இனிப்பு கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். ஆனால் சார் அரசாணை படித்துப் பழகியவர். எழுதியிருப்பதற்கு மேல் எதையும் அர்த்தம் பண்ணிக்கொள்ள மாட்டார். ஜங்ஷன் பக்கம் பிரேம விலாஸில் இலையில் சூடாக வைத்துக் கொடுக்கிற அல்வாவை, கூடவே கொஞ்சம் மிக்சரும் வாங்கிக்கொண்டால், இனிப்பு என்று வகைப்படுத்த முடியாது என்பது அவருடைய வியாக்கியானம். கறிதோசைக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கார்த்திகை, அமாவாசை தவிர்த்து மற்ற நாளில் மட்டும் சிம்மக்கல் பக்கம் போவார். ஒரு தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி என்று மாடி மாடியாக எழுப்பி வருவதைப் பார்க்கிறபோதெல்லாம், இந்த மனிதருக்கு அடுக்கி வைப்பதில் ஏன் இத்தனை பற்று என்று எனக்குப் புரிகிற மாதிரி இருக்கும்.

வெளியூர்க்காரர் யாராவது வழி கேட்டுவிட்டால் தொலைந்தார். "தங்கம் தியேட்டர் தாண்டி இடது பக்கம் திரும்புங்க" என்பார். 1952இல் பராசக்தியோடு திறந்த அந்தப் பிரம்மாண்டமான கொட்டகை இருந்த இடத்தில் இன்றைக்கு ஜவுளிக்கடை. "புது மண்டபத்துல டெய்லர் உக்காந்திருப்பாரு, அவருக்கு எதுத்தாப்புல" என்பார். அங்கே இருந்த தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப் போயாயிற்று. (திருமலை நாயக்கர் கட்டி முந்நூற்றுச் சொச்சம் வருஷமாகியும் அதற்குப் புது மண்டபம் என்றே பேர். இந்த ஊரில் எதையும் பழசு என்று ஒதுக்குவது லேசில் நடக்காது.) வழி கேட்டவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவார். சார் அங்கேயேதான் நிற்பார், கையில் முள்முருங்கை வடையோடு. முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரித்து, பொடி தூவிக் கொடுக்கிற பச்சை வடை. வந்தவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுப்பார். வழி தெரியாவிட்டாலும் அவர் வயிறு நிறைந்து போவார். சாரைக் கருமி என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.

பைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பது வருஷக் கல்யாணத் தாம்பூலப் பைகள் அவரிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மணமக்கள் பேர், மண்டபம், தேதி. ஒரு பெரிய பைக்குள் சின்னப் பைகள். அந்தப் பெரிய பை அதைவிடப் பெரிய பைக்குள். 2019 புத்தாண்டன்று ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்கை அரசு தடை செய்தபோது சார் புன்னகைத்தார். 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியபோது வாய்விட்டே சொன்னார்: "நம்ம பரணைப் பாத்துட்டுத்தான் தம்பி திட்டம் போட்டிருக்காங்க." அன்றைக்குச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் இறக்கி எனக்குக் காட்டினார். சில ஜோடிகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். சில ஜோடிகள் குடும்ப நீதிமன்றம் வரை போய் வந்துவிட்டார்கள். பை மட்டும் எதுவும் தையல் பிரியவில்லை.

போகி வந்தால் தெருவே இவர் வீட்டைப் பார்க்கும். விடிவதற்கு முன்பே எல்லாம் வாசலுக்கு இறங்கிவிடும். துடைப்பார், வெயில் காட்டுவார், போகிறவர் வருகிறவரிடம் ஒவ்வொன்றின் பூர்வீகத்தையும் சொல்வார். பொழுது சாய்வதற்குள் அத்தனையும் மேலே ஏறியிருக்கும். கணக்குப் பார்த்தால், கழிந்தது ஒரு கிழிந்த கோரைப்பாய். சேர்ந்தது எதிர்வீட்டுக்காரர் வாசலில் தூக்கிப் போட்ட மூன்று கால் நாற்காலி. நாலாவது கால் தன்னிடம் இருப்பதாக சார் சொன்னார். இருக்கவும் செய்தது. அளவுதான் ஒரு சாண் கூட.

தானும் ஒழிக்கிறேன் என்பதற்கு அத்தாட்சியாக அவ்வப்போது கொடைகளும் நடக்கும். "உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்" என்று ஒரு நாள் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல் எங்கே என்று கேட்டேன். கல்லை மூன்றாம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம், அவர்களும் சங்கடப்படக் கூடாதல்லவா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்ன வீட்டுக்காரர்களுக்கு அவர் இன்னும் நல்ல பொருளாகத் தேடிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி அம்மாவின் கதை. பரணில் இருப்பது முழுக்க சார் சேர்த்தது என்று நினைத்துவிடாதீர்கள். வலது பக்கம் பாதி, பேர் பொறித்த எவர்சில்வர். அம்மாவின் அம்மா பேர், அத்தை பேர், சீர் வந்த வருஷம் எல்லாம் வெட்டியிருக்கும். அதில் ஒரு டம்ளரைத் தொட சாருக்கு அதிகாரம் இல்லை. அதைப் பற்றிப் பேச்சும் எழுவதில்லை. மற்றபடி அம்மா வாயைத் திறந்து சண்டை போடுகிறவர் அல்ல. முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணியவர். "பரண ஒழிங்க" என்று சொல்வதை எப்போதோ விட்டுவிட்டார். இப்போது சொல்வதெல்லாம், "எனக்கு ரெண்டு பணியாரம் திங்கணும் போல இருக்கு. மெதுவாப் போயி வாங்கிட்டு வாங்க. ஒண்ணும் அவசரமில்ல."

சார் தெருமுனை திரும்பியதும் பழைய இரும்புக்காரர் வண்டி அந்த வாசலில் நிற்பதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு சாமான்தான் போகும். மேலாக இருப்பதை அம்மா எடுக்கமாட்டார். பின்வரிசையிலிருந்து உருவி, அந்த இடத்தில் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்து மூடிவிடுவார். பார்ப்பவருக்குப் பரண் நிறைந்தே இருக்கும். மதுரையில் இத்தனை விதமாகச் சாப்பாடு இருப்பதால் அந்த வீடு காற்றோட்டமாகிக்கொண்டு வருகிறது. பணியாரத்துக்கு அண்டா போயிற்று. ஜிகர்தண்டாவுக்கு டேப் ரெக்கார்டர். கறிதோசை அன்றைக்கு இலவச கிரைண்டரே போய்விட்டது. கறிதோசைக்குக் காத்திருக்கிற கூட்டம் அப்படி. பெங்களூர் மகளுக்கும் இது தெரியும். போனில் அப்பாவிடம் ஊரில் புதிதாக என்ன கடை வந்திருக்கிறது என்று அவள் ஆசை ஆசையாகக் கேட்பது வேறு எதற்காக?

இந்த ஏற்பாட்டில் ஓட்டை ஒன்றுதான். தமிழ்ச்சங்கம் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும். பழைய சாமான், ஸ்பேனர், டார்ச் லைட், மோட்டார், காது இல்லாத வாளி என்று எல்லாம் தரையில் பரப்பிக் கிடக்கும். போன மாதம் சார் அங்கிருந்து ஒரு ஸ்பேனர் செட் வாங்கிவந்தார். முகமெல்லாம் பல்.

"இந்தா பாரு, நம்ம வீட்டுல இருக்கிற அதே செட்டு. மூணாம் நம்பர் இல்லாம, டப்பா மூடி நசுங்கி, அச்சு அசலா அதே மாதிரி. ஜோடியா இருக்கட்டும்னு வாங்கினேன்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பழைய செட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போமா என்று கிளம்பியவரை, "சாப்பிட்டுப் பாக்கலாம், மதியத்துக்கு அயிரை மீன் குழம்பு" என்று உட்கார வைத்துவிட்டார்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் ஒரு சார் இருப்பார். தெருவில் பார்த்து, "வாங்களேன், அப்படியே காலாற நடந்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று தட்டிக் கழிக்காதீர்கள். வெறும் வயிற்றோடு கூடப் போங்கள். அவர் கதையைக் கேளுங்கள், அவர் சுற்றுகிற சந்தெல்லாம் சுற்றுங்கள், இன்னொரு காபி சொல்லுங்கள், முக்கால் மணி நேரமாவது பிடித்து வையுங்கள். வீட்டில் ஒருவருக்கு அந்த நேரம் வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தமிழ்ச்சங்கம் ரோட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.